கேஸ்திரிக் என்று பெயர் வாங்கிய வலி: பித்தப்பைச் சிக்கலையும் புரியாத வயிற்று உபாதையையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டு மணி. மாலையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்தில் ஆட்டுக்கறிப் பெரட்டல் சாப்பிட்டிருந்தேன். அடுப்படி மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஈனோ பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கொட்டி, நுரை அடங்குவதற்குள் குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. நெஞ்சுக்குழியில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரே சீரான வலி. மூன்று மணி நேரம் கழித்து வந்த சுவடே இல்லாமல் போனது. காலையில் நான் வழக்கம்போல் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இப்படி வரும் எல்லா வலிக்கும் ஒரே பெயர்தான்: கேஸ்திரிக், அதாவது இரைப்பைக் கோளாறு. தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் தோட்ட மருந்தகத்து டிரெஸ்ஸர் சொன்ன பெயர், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகும் கூடவே வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கும் கேஸ்திரிக், நிறையச் சாப்பிட்டவருக்கும் கேஸ்திரிக். பதினான்கு மாதம் எனக்கும் அதுதான்; மூன்று இடத்தில் அதே வெள்ளை மருந்துப் புட்டியைக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கேனில் 1.2 செ.மீ. பித்தப்பைக் கல் தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த ராத்திரி வலி ஒழிந்தது. வயிற்று உப்புசமோ அப்படியே இருந்தது! அதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன. அவற்றைப் பிடிக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது.

நான் மருத்துவர் இல்லை, தமிழ்ப்பள்ளியில் கிராணி, அதாவது எழுத்தர். ஃபைலைப் பிரித்து அடுக்கத் தெரியும். அந்தப் புத்திதான் கடைசியில் உதவியது. 'வயிறு சரியில்லை' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், மூன்று நிமிடத்தில் அடுத்த நோயாளியைப் பார்க்க வேண்டிய டாக்டர் அதை எப்படி அவிழ்ப்பார்? நாமே அவிழ்த்துக் கொண்டுபோவது எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி மருத்துவமனையின் கெசெமாசானுக்கு, அதாவது அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வயிற்று மேல்பகுதி வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் விடவில்லை, கூடவே காய்ச்சல். இது பித்தப்பை வீக்கமாக இருக்கலாம். கண் மஞ்சளாகி, உடல் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்காய்ச்சலும் வந்தால் பித்தநாளத்தில் அடைப்போடு கிருமித் தொற்று இருக்கலாம்; சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். வலி பெல்ட் கட்டினாற்போல் முதுகுவரை சுற்றி, குனிந்து உட்கார்ந்தால் மட்டும் சற்றுக் குறைந்து, வாந்தி நிற்காமல் போனால் கணைய அழற்சி. தார் போல் கறுத்த மலமும் காப்பித்தூள் போன்ற வாந்தியும் வயிற்றுக்குள் ரத்தக் கசிவைக் காட்டும். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு வலது விலாவின் கீழ் வலி, தலைவலி, கண் மங்கல் வந்தால் அதைக் கேஸ்திரிக் என்று சொல்லி யாரும் மாத்திரை கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறிக் கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

இதயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் மாமா. ஒரு நாள் காலையில் 'காத்து அடைச்சுக்கிச்சு' என்று வாசல் படியில் உட்கார்ந்து நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க வேர்வை. அவர் மகன்தான், "அப்பா, காத்துக்கு இப்படி வேர்க்காதுப்பா" என்று வேனில் ஏற்றினான். இ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிந்தது, பிழைத்துக்கொண்டார். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு வயிற்று வலியாகவே தெரியும். நீரிழிவுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே நாற்பதைத் தாண்டியவருக்கு வேர்வையோடு, மூச்சு வாங்கலோடு, தாடைக்கோ இடது கைக்கோ ஏறும் மேல்வயிற்று வலி வந்தால் முதல் சோதனை இ.சி.ஜி.தான். கேட்டு வாங்குங்கள்.

படி 1: பையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் வீடுகளில் 'பித்தம்' என்ற சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம். தலை சுற்றினால் பித்தம், காலையில் வாய் கசந்தால் பித்தம், பாதம் வெடித்தால் பித்த வெடிப்பு. சித்த மருத்துவம் சொல்லும் வாத பித்த கபக் கணக்கு வேறு, கல்லீரல் சுரக்கும் பித்தநீர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் என் மாமியார், டாக்டர் 'பித்தப்பை' என்றதும் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் தலையில் தேய்க்க வந்தார்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கிறது. அதைச் சுண்டவைத்துச் சேமிக்கும் சிறிய பைதான் பித்தப்பை. 30 முதல் 50 மி.லி. பிடிக்கும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிப் பையைச் சுருங்கச் சொல்லும். பை சுருங்கும்போது கல் வாயில் போய் அடைத்தால் வலி. கல் நகர்ந்து பின்னால் விழுந்ததும் வலி நின்றுவிடும். அதனால்தான் மூன்று மணி நேரத் துடிப்புக்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போக முடிகிறது. அந்த 'ஒன்றுமே நடக்காத' காலைதான் நம்மை ஏமாற்றுகிறது.

கல் ஏன் உண்டாகிறது? பித்தநீரில் கொழுப்புச் சத்து கரையும் அளவைத் தாண்டினால், பை சோம்பிப் போய் முழுதாகக் காலியாகாமல் இருந்தால், படிகம் கட்டும். பெண்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு, நீரிழிவுக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். வேகமாக எடை குறைப்பவர்களுக்கும் அப்படியே; வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் ஆபத்து கூடும். இப்போது பலர் போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசிகளுக்கும் பித்தப்பைத் தொல்லை ஒரு பக்க விளைவுதான். தலசீமியா போன்று ரத்தச் சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் இருந்தால் கறுப்புக் கல் உண்டாகும். அதற்கு வயதும் எடையும் கணக்கில்லை.

படி 2: வலிக்கு ஒரு நோட்டு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் 40 பக்க நோட்டு ஒன்று போதும். வலி வந்த ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

'வெள்ளி. ராத்திரி 8-க்கு நாசி லெமாக், பொரித்த கோழி. 11.40-க்கு ஆரம்பம். நெஞ்சுக்குழி, கொஞ்சம் வலது பக்கம். வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் குடைச்சல். புரண்டு படுத்தும் குறையவில்லை. கேவிஸ்கோன் குடித்தேன், பலன் இல்லை. கக்கூஸ் போனேன், பலன் இல்லை. ஒரு தடவை வாந்தி. 2.30-க்கு நின்றது. காய்ச்சல் இல்லை. காலையில் மூத்திரம் வழக்கமான நிறம்.'

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்குப் பதில். பித்தப்பை வலி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குக் குறையாது, ஆறு மணி நேரத்துக்குள் அடங்கும். படிப்படியாக ஏறி உச்சியில் அப்படியே நிற்கும். தினமும் வராது, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இடைவெளி விடும். ராத்திரியில் எழுப்பிவிடும். கேவிஸ்கோன் மாதிரி அமிலத்தை அடக்கும் மருந்துக்கும், மலம் கழிப்பதற்கும், படுக்கும் பக்கத்தை மாற்றுவதற்கும் மசியாது. தினமும் சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில் வயிறு உப்பி, ஏப்பம் விட்டால் சுகமாகி, கக்கூஸ் போனால் குறைகிற தொல்லைக்கு வேறு வீடு இருக்கிறது. கொழுப்பு சாப்பிட்டால் ஒத்துக்கொள்வதில்லை என்பது மட்டுமே பித்தப்பைக்குச் சாட்சி ஆகாது. கல் இல்லாதவர்களும் அதே அளவுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

நோட்டில் இரண்டு நிறங்களையும் எழுதுங்கள். சிறுநீர் தே-ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்துக்குக் கறுத்தும், மலம் சாம்பல் பூத்த களிமண் மாதிரி வெளுத்தும் போனால் பித்தநீர் குடலுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. ஒரே நாள் இருந்தாலும் சொல்லுங்கள்.

வலி இருக்கும் இடத்தைக் காட்டுவதிலும் ஒரு விஷயம் உண்டு. நான் முதலில் உள்ளங்கை முழுவதையும் வயிற்றில் வைத்து வட்டம் போட்டுக் காட்டினேன். அரசாங்க கிளினிக்கில் இருந்த ஒரு மருத்துவ உதவியாளர், "அக்கா, அது ஊரு. வீட்டு நம்பரைக் காட்டுங்க, ஒரு விரல்ல" என்றார். அன்றைக்குத்தான் என் விரல் வலது விலாவின் விளிம்பில் போய் நின்றதை நானே பார்த்தேன்.

சொல்லும் முக்கியம். நம் பாட்டிகள் நெஞ்சுக்குழி வலியை 'நெஞ்சு வலி' என்பார்கள். கூடப் போகும் பேரன் அதை மலாய் டாக்டரிடம் 'சாக்கிட் டாடா' என்று மாற்றிச் சொல்லுவான். விசாரணை மார்பு பக்கம் போய்விடும். நெஞ்சுக்குழிக்கு மலாயில் 'உலு ஹாத்தி', பித்தப்பைக்கு 'ஹெம்பெடு', பித்தப்பைக் கல்லுக்கு 'பத்து ஹெம்பெடு'. இந்த மூன்று சொல்லையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்தையும் விரலால் காட்டிவிடுங்கள்.

படி 3: மருந்துப் பையையும் வேலையையும் கொட்டிக் காட்டுங்கள்

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் விழுங்குகிற எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். என் உப்புசத்துக்கும் காலை வயிற்றுப் போக்குக்கும் ஒரு காரணம் அந்தப் பையில்தான் இருந்தது: சர்க்கரைக்குச் சாப்பிட்ட மெட்ஃபோர்மின். இந்த மாத்திரைக்கு வயிறு பொருமல், போக்கு, குமட்டல் மிகச் சாதாரணம். சாப்பாட்டோடு சாப்பிட்டாலும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினாலும் பலருக்குச் சரியாகிவிடும். எனக்கு மாற்றிக் கொடுத்த இரண்டாவது வாரத்தில் போக்கு நின்றது. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதுவே வயிற்று வலியையும் வாந்தியையும் கொண்டுவரும்.

அடுத்து வலி மாத்திரை. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் ஏற்றுகிறவர்களும் முதுகு வலிக்குப் பொன்ஸ்தானும் வோல்டரனும் மிட்டாய் மாதிரி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வெறும் வயிற்றில் மாதக் கணக்கில் சாப்பிட்டால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். சந்தையில் விற்கும் ஜாமுத் தூள் 'அடித்தால் உடனே கேட்குது' என்றால் சந்தேகப்படுங்கள். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

என்ன வேலை, எங்கே வேலை என்பதையும் சொல்லுங்கள். செம்பனைக் காட்டில் எலி இல்லாத இடமில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நின்றால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கண் சிவப்பு, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலி. பார்வைக்குப் பித்தநாளத் தொற்று போலவே இருக்கும். டெங்கியும் அப்படித்தான், வயிற்று வலியோடு வரும், ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்தும் தெரியும். தோட்ட வேலை என்ற ஒரு வார்த்தை டாக்டரின் யோசனையைத் திருப்பிவிடும்.

படி 4: கிளினிக்கில் என்ன கேட்பது

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். கூட்டத்துக்குப் பயந்து தனியார் கிளினிக்குக்கு ஓடி ஓடி மருந்து வாங்குகிறவர்கள், குறைந்தபட்சம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நான் மூன்று இடத்துக்குப் போனேன். மூன்று இடத்திலும் நான் முதல் தடவை வந்த நோயாளி.

இதைச் சொல்லுங்கள்: "டாக்டர், இந்த வலி இத்தனை மாதத்தில் இத்தனை தடவை வந்தது. நோட்டு இதோ. கல்லீரல் ரத்தச் சோதனையும் அல்ட்ராசவுண்டும் எடுக்கலாமா?" கோபப்பட மாட்டார்கள். நோட்டோடு வருகிற நோயாளி அவர்களுக்கும் சுலபம்.

கல்லீரல் ரத்தச் சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. கல் ஒன்று நாளத்தில் சிக்கி நழுவிப் போனால் எண்கள் ஒரு நாள், இரண்டு நாளுக்குத்தான் ஏறி இருக்கும். பத்து நாள் கழித்து எடுத்தால் எல்லாம் சுத்தமாக வரும். ஆகவே வலி வந்த அன்றோ மறுநாளோ ரத்தம் கொடுப்பதற்குத்தான் மதிப்பு. ஏ.எல்.பி., ஜி.ஜி.டி., பிலிருபின் மூன்றும் சேர்ந்து ஏறினால் நாளம் அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். கணையத்துக்கு அமைலேஸ் அல்லது லைபேஸ்; வழக்கமான உச்ச அளவைவிட மூன்று மடங்கு தாண்டினால் கணைய அழற்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

அல்ட்ராசவுண்டுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். என் முதல் ஸ்கேன் வீணாய்ப் போனதற்கு நானே காரணம். 'சாப்பாடுதானே கூடாது' என்று காலையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போனேன். கெட்டிப் பாலில் இருக்கும் கொழுப்பு போதாதா? பை சுருங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த தேதிக்கு ஏழு வாரம். வெறும் தண்ணீர் மட்டும் குடியுங்கள்.

இரண்டாவது தடவை, ஸ்கேன் எடுத்தவர் கருவியை வலது விலாவுக்குக் கீழே அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்க" என்றார். பாதி இழுக்கும்போதே மூச்சு தானாக நின்றுவிட்டது, அத்தனை வலி. அவர் திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். மூச்சு இழுக்கும்போது பித்தப்பை கீழே இறங்கி அழுத்தத்தில் முட்டுகிறது. வீங்கிய பை என்றால் மூச்சு பாதியில் நிற்கும். இது ஒரு பழைய கைச் சோதனை. டாக்டர்கள் விரலாலேயே செய்வார்கள்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை அல்ட்ராசவுண்ட் தவறவிடுவது மிக அரிது. பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுநாளத்தில் விழுந்த கல்லைத் தவறவிடுவது சாதாரணம், ஏனென்றால் குடலில் இருக்கும் காற்று மறைக்கும். ஸ்கேனில் கல் காணவில்லை, ஆனால் ரத்தத்தில் அடைப்பின் அடையாளம் இருக்கிறது என்றால் எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் தேவைப்படும். அதற்கு இங்கிருந்து ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோதான் அனுப்புவார்கள்.

பையின் சுவர் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் தடிப்பு. பொதுநாளம் ஏறக்குறைய 6 மி.மீ. வரை வழக்கமானது, வயதானால் கொஞ்சம் விரியும். 'சேறு' என்று எழுதியிருந்தால் கல்லாக உறையாத குழம்பு. 'பாலிப்' என்றால் உள்சுவரில் ஒட்டிய வளர்ச்சி: 10 மி.மீ. ஆனால் பையை எடுக்கச் சொல்வார்கள். 6 முதல் 9 மி.மீ.க்கு வயதும் வடிவமும் மட்டுமின்றி ஆசிய இனத்தவரா என்பதும் கணக்கில் வரும். கொழுப்புக் கல்லீரல் என்ற வரி பாதிப்பேர் ரிப்போர்ட்டில் இருக்கும்; அந்த ராத்திரி வலிக்கு அதைக் காரணமாகப் பிடிக்காதீர்கள்.

படி 6: கல்லும் வலியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பித்தப்பைக் கல் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேருக்கு எந்தத் தொல்லையும் கிடையாது. ஆக, கல் இருப்பதும் உண்மை, வயிறு சரியில்லாததும் உண்மை, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாததும் உண்மையாக இருக்க முடியும். 2019-இல் லான்செட் இதழில் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், கல்லும் வயிற்று வலியும் உள்ள 1,067 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான முறையில் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட குழுவில் ஓராண்டு கழித்து வலியே இல்லாமல் இருந்தவர்கள் 60 விழுக்காடுதான். நானும் அந்த மிச்சம் நாற்பதில் பாதி ஆள்: ராத்திரி வலி போனது, உப்புசம் போகவில்லை.

ஆகவே நோட்டை எடுத்து இரண்டு நிறப் பேனாவால் கோடு போடுங்கள். அரை மணிக்கு மேல் நீண்ட, மேல்வயிற்றில் வந்த, முதுகுக்கோ தோளுக்கோ போன கடும் வலி ஒரு நிறம். உப்புசம், ஏப்பம், எரிச்சல், மலச்சிக்கல், போக்கு இன்னொரு நிறம். பையை எடுத்தால் முதல் நிறம் போகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. இரண்டாவது நிறத்துக்கு அறுவைக்கு முன்பே தனியாகக் காரணம் தேடுங்கள்.

அந்த இரண்டாவது நிறத்தில் நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் இதை அடையாளம் காட்டி, 2005-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அதற்கு முன் உலகமே வயிற்றுப் புண்ணுக்குக் கவலையையும் காரத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது; எங்கள் தெருவில் இன்னும் அப்படித்தான். மூச்சு ஊதும் சோதனை, மலச் சோதனை, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மூன்றிலும் கண்டுபிடிக்கலாம். ஓமெப்ரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரம் முன்பும், ஆண்டிபயாட்டிக்கை நாலு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கிருமியும் இல்லை என்று வரும். என் உப்புசத்தின் இரண்டாவது காரணம் இதுதான். இரண்டு வார மருந்தை முழுதாக முடித்த பிறகு மறுபடி ஊதிப் பார்த்தே உறுதி செய்தார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாமை, குடல் எரிச்சல் நோய், தைராய்டு, நீண்ட நாள் நீரிழிவால் இரைப்பை மந்தமாவது என்று பட்டியல் நீளும். ஆனால் எடை தானாக இறங்கினால், விழுங்க முடியாவிட்டால், ரத்தச்சோகை என்றால், வலியே இல்லாமல் கண் மஞ்சளானால் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, எண்டோஸ்கோப்பியோ சி.டி. ஸ்கேனோ சீக்கிரம் வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்புசம் வந்து வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் கருப்பையோடு சூலகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே வயதில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பார்க்கும் சோதனையையும் அரசாங்க கிளினிக்கில் செய்துகொள்ளலாம்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். வலி அச்சு அசலாகப் பித்தப்பை வலி, ஸ்கேனில் கல் இல்லை. 'ஒண்ணுமில்லமா, மனசுலதான்' என்று சொல்லிவிடுவார்கள். மனசு தளர வேண்டாம். ஸ்கேனுக்குப் படாத நுண்கல் இருக்கலாம். எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் தெரியும். பை சரியாகச் சுருங்காமலும் இருக்கலாம். ஹைடா என்ற அணு மருத்துவ ஸ்கேனில் எவ்வளவு காலியாகிறது என்று அளப்பார்கள், 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் குறைவு. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பையை எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். வலியும் பொருந்த வேண்டும்.

படி 7: வீட்டு வைத்தியத்தை இடம் பார்த்து வையுங்கள்

கல் என்று தெரிந்ததும் என் வீட்டுக்கு வாழைத்தண்டு வராத நாளில்லை. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுகிற வாழைத்தண்டுச் சாற்றுக்கும் பித்தப்பைக்கும் வழியே கிடையாது. இரண்டும் வேறு வேறு குழாய். தண்ணீர் நிறையக் குடித்தாலும் பித்தக் கல் அடித்துப் போகாது.

கீழாநெல்லி விஷயம் இதைவிடக் கவலையானது. கண் மஞ்சளானால் பத்தியம் இருந்து கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது நம் வழக்கம். கிருமியால் வரும் காமாலைகளில் சில தானாகவே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். நாளத்தில் கல் அடைத்து வந்த காமாலைக்கு எந்த இலையும் கதவைத் திறக்காது. அதை எண்டோஸ்கோப் வழியாகப் போய் எடுக்க வேண்டும். எந்தக் காமாலை என்று தெரியும்முன் பத்தியத்தில் ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள்.

கைப்பேசியில் சுற்றும் இன்னொரு வைத்தியம் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். மறுநாள் காலையில் பச்சை நிறத்தில் மெத்து மெத்தென்ற உருண்டைகள் விழும், அதைப் படம் எடுத்தும் போடுவார்கள். 2005-இல் லான்செட் இதழில் ஒரு பெண்ணுக்கு இப்படி விழுந்ததைச் சோதித்து எழுதினார்கள்: குடித்த எண்ணெய் குடலில் சோப்பாக உறைந்ததுதான் அந்த உருண்டை. உண்மையான கல் பைக்குள் அப்படியே இருக்கும். அவ்வளவு எண்ணெய் குடித்தால் பை வேகமாகச் சுருங்கி வலியை இழுத்துவிடவும் செய்யும்.

கல்லைக் கரைக்கும் உர்சோடியாக்சிகோலிக் மாத்திரை உண்டு. சிறிய கொழுப்புக் கல்லுக்கு மட்டும், மாதக் கணக்கில், சில சமயம் இரண்டு ஆண்டுவரை; நிறுத்திய ஐந்து ஆண்டுக்குள் பாதிப் பேருக்குக் கல் திரும்ப வருகிறது. உணவைப் பொறுத்தவரை, தேதி வரும்வரை எண்ணெயில் பொரித்தது, கெட்டித் தேங்காய்ப்பால், ஆட்டுக் கொழுப்பு இவற்றைக் குறைத்தால் வலி வரும் தடவை குறையலாம். கல் கரையாது.

படி 8: எடுப்பது என்று முடிவானால்

பித்தப்பை இல்லாமல் வாழ முடியுமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதல்முறையாக அதை எடுத்தார், நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார். துளை வழி முறையை 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூயே தொடங்கி வைத்தார். இப்போது பெரும்பாலும் நாலு சின்னத் துளை. கல்லீரல் எப்போதும்போல் பித்தநீர் சுரக்கும், சேமிக்கும் இடம்தான் இல்லாமல் போகிறது.

அபாயமும் இருக்கிறது. பித்தநாளம் தவறுதலாக அடிபடுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு. உள்ளே ஒட்டல் அதிகமாக இருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காமல் போடாதீர்கள்.

மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் பித்தப்பைக் கல் 'குறிப்பிட்ட நோய்கள்' பட்டியலில் வரும். எடுத்த நாளில் இருந்து 120 நாள் கழியாமல் கேட்க முடியாது. அரசாங்க வழி என்றால் கிளினிக்கில் இருந்து பரிந்துரைக் கடிதம், நிபுணர் தேதி, காத்திருப்பு. ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நோட்டையும் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். காத்திருக்கும்போது வலி கூடினால் கடிதத்தைக் காட்டித் தேதியை முன்னால் இழுக்கக் கேட்கலாம். காய்ச்சலோ காமாலையோ வந்தால் தேதி பார்க்காமல் கெசெமாசானுக்குப் போக வேண்டும்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு நாள் வயிற்றைவிட வலது தோள் வலிக்கும். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய கரியமில வாயு மிச்சமிருந்து உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எழுந்து நடந்தால் போகும். கொஞ்ச நாளைக்கு மலம் இளகும், சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கும். தாங்க முடியாத போக்கு என்றால் பித்த உப்பைப் பிடித்து வைக்கும் மருந்து இருக்கிறது, கேளுங்கள்.

மேசை வேலைக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் திரும்பலாம். குலை ஏற்றுகிறவர்கள் அப்படிப் போகக் கூடாது. ஒரு செம்பனைக் குலை இருபது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், துளை வழியாகக் குடல் பிதுங்க அது போதும். நாலு முதல் ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது என்று எம்.சி.யில் (மருத்துவ விடுப்புச் சான்றில்) எழுதி வாங்குங்கள். வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள். மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் 60 நாள்வரை தனி. இதைத் தெரியாமல் பத்தாவது நாள் காட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி காமாலை, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி இருந்தால் அன்றே திரும்பிப் போங்கள். நாளத்தில் கல் தங்கியிருக்கலாம், பித்தநீர் கசியலாம்.

எடுத்த பையை ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த முடிவு வர சில வாரம் ஆகும். நான் போன அன்று, பலர் அதை வாங்கவே வருவதில்லை என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அவள் பின்னால் ஒரு ரப்பர் பேண்டுக்குள் தடியான கட்டாக உறைகள் இருந்தன. தேதி கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்து, போய் வாங்குங்கள்.